மதுரைப் பூங்காவில் திருமணச் சம்மதம் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மதுரை பெரிய ஊர்தான். ஆனாலும் தல்லாகுளத்தில் நீங்கள் யாருடன் நின்று பேசினீர்கள் என்பது, வீடு திரும்புவதற்குள் செல்லூரில் இருக்கும் அத்தைக்குத் தெரிந்துவிடும். பூங்காவில் வைத்துத் திருமணத்துக்குச் சம்மதம் கேட்கத் திட்டமிடுகிறவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான். மோதிரம், பூ, புகைப்படம் எல்லாம் அதற்குப் பிறகு.

நண்பர்களுக்காகவும் உறவுக்காரப் பிள்ளைகளுக்காகவும் இத்தகைய ஏற்பாடுகளில் கூட நின்றிருக்கிறேன். எந்த நாள், எந்த இடம், எந்தச் சொற்கள் என்பது ஆச்சரியமாக இருக்கட்டும்; திருமணம் என்ற பேச்சே அவருக்குப் புதிதாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கேட்கப்படுகிறவர் கூச்சமும் அவசரமும் இல்லாமல், ‘இப்போது வேண்டாம்’ என்றுகூடச் சொல்லக்கூடிய நிலையில் இருந்து பதில் சொல்ல வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் அதை ஒட்டியே அமைந்திருக்கின்றன. கேட்பவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். நகையும் பூவும் வரும் இடங்களில் மட்டும் கேட்கப்படுகிறவர் பெண் என்று வைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் படி: முன்பே பேசி முடித்திருக்க வேண்டியவை

பூங்காவைப் பற்றி யோசிப்பதற்கு முன் உங்கள் இருவருக்கும் இடையில் சில பேச்சுகள் நடந்து முடிந்திருக்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு மதுரையிலேயே இருப்பதா, வேலைக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ போவதா? பெற்றோருடன் ஒரே வீட்டிலா, தனியாகவா? படிப்போ போட்டித் தேர்வோ முடிய இன்னும் எத்தனை நாள்? வீட்டுக் கடனில் யார் பங்கு எவ்வளவு? “அக்கா கல்யாணம் முடியாமல் என் பேச்சை எடுக்கவே முடியாது” என்று அவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால், அந்த அக்காவுக்கு வரன் அமையும்வரை பொறுத்திருப்பதே நல்லது. இப்போதே கேட்டால், மகிழ வேண்டிய ஒரு செய்தியை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் மாதக்கணக்கில் சுமக்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளிவிடுவீர்கள்.

சாதியோ மதமோ வேறு என்றால் இந்தப் படியில் இன்னும் நிதானம் வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருந்தால் அவர்கள் விருப்பப்படி மணந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாகினி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அத்தகைய இணையர்களின் பாதுகாப்புக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கவும் அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டது. ஆனாலும் தென்மாவட்டங்களில் சில வீடுகளின் கோபம் எதுவரை போகும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். உங்கள் காதல் தெரிந்தால் அவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரலாம் என்ற ஐயம் துளி இருந்தாலும், ஊர் நடுவில் இருக்கும் பூங்காவையும் புகைப்படத்தையும் மறந்துவிடுங்கள். நம்பகமான தோழியின் வீட்டுக் கூடத்தில் கேட்ட சம்மதமும் முழுச் சம்மதம்தான். மிரட்டல் வந்தால் பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன்படி பதிவு செய்ய 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அவருக்கு ஆச்சரியங்கள் பிடிக்குமா என்பதையும் இங்கேயே தீர்மானியுங்கள். சென்ற பிறந்தநாளில் அலுவலகத்தில் கேக் வெட்டச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது? அன்று ஒரு மூலைக்குப் போய் நின்றவர் என்றால், பூங்காவில் நீங்கள் இருவர் மட்டும் போதும். சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கேக் ஊட்டியவர் என்றால் நண்பர்கள் நான்கு பேர் ஓரமாக நிற்கலாம். அதற்கு மேல் எந்த நிலையிலும் வேண்டாம்.

இரண்டாம் படி: பூங்காவைத் தேர்ந்தெடுத்தல்

மதுரையில் பூங்கா என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ராஜாஜி பூங்கா. குழந்தைகளாக இருந்தபோது ஊஞ்சலும் சறுக்கும் விளையாடிய இடம் என்பதால் ஊர்க்காரர்களுக்கு அதன்மீது தனிப் பிரியம் உண்டு. மாலையில் பிள்ளைகளின் கூச்சலும் பெற்றோரின் கூட்டமும் நிறைந்திருக்கும். உங்கள் இருவருக்குமே அங்கே சிறுவயது நினைவு இருந்தால் வாரநாளில் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விடுங்கள். இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

மாநகராட்சி அலுவலகமான அறிஞர் அண்ணா மாளிகையை ஒட்டிய ஈகோ பார்க் மாலை நேரத்துக்கு உரியது. நடைபாதை, மரங்கள் எல்லாம் உண்டு. ஆனால் குடும்பங்கள் பொழுதுபோக்க வரும் இடம் என்பதால் விடுமுறை நாளில் நிற்க இடம் தேடும்படி ஆகிவிடும். வண்டியூர் கண்மாய்க் கரை காற்றோட்டமானது, நடப்பவர்களுக்கு ஏற்றது. கே.கே. நகர், அண்ணா நகர், எல்லீஸ் நகர் பக்கம் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் சிறு பூங்காக்கள் பார்க்க அமைதியாகத் தோன்றும். ஆனால் அங்கே காலையில் நடக்க வரும் பெரியவர்களுக்கு அந்தத் தெருவின் ஒவ்வொரு வீடும் தெரியும். உங்கள் இருவர் வீடும் இருக்கும் வட்டாரத்தைத் தவிர்த்து, ஊரின் மறுபக்கத்தில் இருக்கும் பூங்காவாகப் பாருங்கள்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். திருமலை நாயக்கர் 1645இல் அமைத்த அந்தக் குளம், நீர் நிறைந்து நடுவில் மைய மண்டபம் தெரியும் மாலையில் ஊரிலேயே அழகான இடம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அது கோயில் குளம். சுற்றுச்சுவரில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே மண்டியிட்டு மோதிரம் நீட்டினால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பேசுவதை வேறெங்காவது முடித்துக்கொண்டு, பிறகு இருவரும் போய்க் காற்று வாங்க உகந்த இடமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே போகத் தயார் என்றால் கீழக்குயில்குடி சமணர் மலையின் அடிவாரம் இருக்கிறது: தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மலையில் சமணர் சிற்பங்கள் இருப்பதால் அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம். அலங்காரம், தோரணம் எதுவும் கூடாது. வெறும் கையோடு போய்ப் பேசி வருவதற்கு மட்டும் சரி. அழகர்கோவில் அடிவாரம் குளுமையான இடம்தான். ஆனால் கையில் எது தெரிந்தாலும் பறிக்க வரும் குரங்குகள் நடுவே மோதிரப் பெட்டியைத் திறக்க நான் சொல்ல மாட்டேன்.

மனத்துக்குள் ஓர் இடம் முடிவானதும், எந்தக் கிழமை எந்த நேரத்தில் கேட்கப் போகிறீர்களோ அதே கிழமை அதே நேரத்தில் தனியாக ஒருமுறை போய் அரைமணி நேரம் உட்கார்ந்து வாருங்கள். பெஞ்சு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது? மேற்கு நோக்கிய பெஞ்சில் ஐந்து மணி வெயில் அவர் கண்ணில் குத்தும். தண்ணீர் தேங்கிய இடத்துக்குப் பக்கத்தில் என்றால் கொசு உட்காரவிடாது. ஒலிபெருக்கியில் பாட்டு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, விளக்கு எப்போது எரிகிறது, எந்த வாசலை முதலில் பூட்டுகிறார்கள், பெண்களுக்கான கழிப்பறை திறந்திருக்கிறதா, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் பாருங்கள். நுழைவுக் கட்டணத்தையும் நேரத்தையும் வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாநகராட்சிப் பூங்காக்களில் பராமரிப்புப் பணி என்று திடீரெனப் பூட்டிவிடுவதும் உண்டு. அதனால் அந்த வாரத்திலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நாளும் நேரமும்

நம் ஊரில் பூங்காவுக்கு ஞாயிறு மாலைதான் போவார்கள். திட்டமிடும்போது பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பதும் அதைத்தான். கூட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஞாயிறன்று மாலை 4.30 முதல் 6 மணி வரை ராகு காலம். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். அவருக்கோ, நாளை இந்தக் கதையைக் கேட்கப்போகும் அவருடைய அம்மாவுக்கோ இருந்தால், “எந்த நேரத்தில் கேட்டான்?” என்ற கேள்வி வரும். புதன், வியாழன், வெள்ளி மாலைகளில் இந்தச் சிக்கல் இல்லை. வெள்ளிக்கிழமை எமகண்டமும் 4.30க்கு முடிந்துவிடும். செவ்வாயை நல்ல காரியத்துக்குத் தவிர்க்கும் வீடுகள் பல. நாள்காட்டித் தாளில் அஷ்டமி, நவமி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வதில் நமக்கு எந்த நட்டமும் இல்லை. ஆடியையும் மார்கழியையும் திருமணப் பேச்சுக்கு ஆகாத மாதங்கள் என்று விலக்குகிறவர்கள் வீட்டுப் பெண் என்றால் அந்த மாதம் முடியும்வரை பொறுங்கள்.

தையும் மாசியும் பருவத்துக்கும் ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஆனால் அந்த மாதங்களுக்குள்ளேயே விலக்க வேண்டிய நாள்கள் உண்டு. காணும் பொங்கலன்று எல்லாப் பூங்காவும் நிரம்பி வழியும். தைப்பூசத் தெப்பத் திருவிழா நாளில் தெப்பக்குளம் பக்கம் வண்டியே போகாது. பிப்ரவரி 14 பூங்காவுக்கு ஆகவே ஆகாது. அன்று ஜோடியாக வருபவர்களைக் கண்காணிக்க ஆட்கள் இருப்பார்கள், காவல்துறையும் நிற்கும். யாரோ ஒருவர் வந்து பெயர், ஊர் விசாரிக்கும் நிலையை உங்கள் இணைக்கு ஏற்படுத்தாதீர்கள். சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குவது, பொருட்காட்சி என்று ஊரே தெருவில் இருக்கும். அந்த நாள்களின் கொண்டாட்டத்தை இருவரும் சேர்ந்து அனுபவியுங்கள், கேள்வியை வேறு நாளுக்கு வையுங்கள். அக்டோபர், நவம்பர் மழைக்காலம். ஆகஸ்ட், செப்டம்பரிலும் மாலையில் இடியோடு மழை பிடித்துக்கொள்வது மதுரையில் வழக்கம்.

நேரத்தைச் சூரியனைக் கொண்டு முடிவு செய்யுங்கள். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஜூன், ஜூலையில் 6.40 வரை வெளிச்சம் இருக்கும். மறைவதற்கு முந்தைய முக்கால் மணி நேரம்தான் வெயிலும் உறைக்காத, முகமும் தெளிவாகத் தெரிகிற நேரம். இருட்டிய பிறகு பூங்காவில் பேசுவதை நான் விரும்புவதில்லை. படம் நன்றாக வராது என்பதைவிட, அவர் வீட்டுக்கு எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பது பெரிய விஷயம். ஏழரைக்குள் வீட்டில் இருக்க வேண்டியவரிடம் 6.50க்குக் கேட்டால், அவர் காதில் உங்கள் சொற்கள் விழாது, கடிகாரம்தான் விழும். அதிகாலைப் பழக்கம் உள்ளவர் என்றால் காலை 6.30ம் நல்ல நேரம்தான். பூங்கா அப்போது நடைப்பயிற்சிக்காரர்களுடையது, யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

நான்காம் படி: மோதிரம்

மோதிரம் கட்டாயம் இல்லை. கையில் பணம் இல்லாத நிலையில் கடன் வாங்கி மோதிரம் எடுப்பதை அவர் பின்னால் தெரிந்துகொண்டால் வருந்தத்தான் செய்வார். எடுப்பதாக இருந்தால், அவர் வழக்கமாக அணியும் மோதிரத்தை அவருடைய அக்காவோ தோழியோ ஒரு நாள் வாங்கித் தரட்டும். சென்டிமீட்டர் ஸ்கேலை வைத்து உள்வட்டத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். 16.5 மில்லிமீட்டர் என்றால் நம் கடைகளில் ஏறத்தாழ 12ஆம் எண். எந்த விரலில் அணிகிறார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவிரல் மோதிரத்தை அளந்துவிட்டு மோதிர விரலுக்கு வாங்கினால் தொளதொளவென்று இருக்கும். வெயில் காலத்தில் விரல் சற்று வீங்கும் என்பதால், சந்தேகம் வந்தால் அரை அளவு பெரிதாக எடுங்கள். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பின்னால் பெரிதாக்குவது கடினம்.

தெற்காவணி மூல வீதியில் அடுத்தடுத்து நகைக்கடைகள் இருப்பதால் நான்கு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கலாம். செய்கூலி, சேதாரம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஹால்மார்க் முத்திரையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சின்னம், 22 காரட்டுக்கு 916 அல்லது 18 காரட்டுக்கு 750 என்ற தரக் குறி, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறியீடு. அந்தக் குறியீட்டைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மெல்லிய மோதிரம் எடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு, முத்திரை உள்ளதாகவே கேட்டு வாங்குங்கள். பில்லை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அளவு மாற்ற அது வேண்டும்.

மோதிரப் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்தால் புடைத்துக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். பெட்டியை நண்பரிடம் விட்டுவிட்டு, மோதிரத்தை மட்டும் சிறு துணிப்பையில் இட்டு, பட்டன் உள்ள பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பூ

மதுரையில் இதைச் செய்துவிட்டு மல்லிகை இல்லாமல் போவது முறையாகாது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்கே பெருமை. விடியும் முன்பே தோட்டத்தில் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வரும் பூ, மாலையில்தான் விரியும். உங்களுக்கு வேண்டியதும் அதுவே. காலையில் இறுக்கமான, பச்சை மாறாத காம்போடு இருக்கும் மொட்டுகளை வாங்கி நெருக்கமாகக் கட்டச் சொல்லுங்கள். அதை ஈரம் பிழிந்த துணியில் சுற்றி, வாழை இலையில் பொதிந்து, நிழலில் வையுங்கள். மேலே தண்ணீர் தெளிக்க வேண்டாம், மொட்டு பழுத்துவிடும். ஐந்து மணிக்கு இலையைப் பிரித்தால் மொட்டுகளின் நுனி லேசாக நெகிழ்ந்திருக்கும். ஆறு மணிக்கு அவர் கையில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக விரிந்து மணம் எழும்பும். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும் என்பதால் தை மாதத்தில் முழத்துக்கு என்ன கேட்கிறார்களோ அதைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பூவை நீங்களே அவர் கூந்தலில் வைத்துவிட முந்தாதீர்கள். பெண்ணுக்குப் பூ வைப்பது நம் பக்கம் மாப்பிள்ளையின் சகோதரிகள் வந்து சபையில் செய்யும் சடங்கு. அதன் கனம் அறிந்த பெண்ணுக்கு அது சங்கடமாகலாம். கையில் கொடுங்கள், அவரே வைத்துக்கொள்வார்.

பலூன், மெழுகுவத்தி, ஒளிரும் எழுத்துப் பலகை, தூவும் காகிதத் துணுக்கு எதுவும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உண்டு என்பது ஒரு காரணம். அலங்காரத்தைப் பார்த்தவுடன் கூட்டம் சேரும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆறாம் படி: கூட நிற்பவர்கள், புகைப்படம், அனுமதி

வாய் இறுக்கமான ஒருவர் போதும். முடிந்தால் அது உங்கள் இணையின் தோழியாக இருக்கட்டும். அவருக்கு எது பிடிக்கும் என்பது தோழிக்குத் தெரியும். காவலாளியோ வேறு யாரோ வந்து கேட்டாலும், பக்கத்தில் இன்னொரு பெண் இருப்பது நிலைமையை எளிதாக்கும்.

பெரிய கேமராவும் முக்காலியும் கொண்டுபோனால் பூங்காவில் தடுப்பார்கள்; படப்பிடிப்புக்கு மாநகராட்சியில் முன் அனுமதி கேட்க வேண்டிவரும். ஒரு நல்ல கைப்பேசியே போதும். தோழி இருபது அடி தள்ளி, சூரியன் தன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காரட்டும். ஃபிளாஷையும் படம் எடுக்கும் ஒலியையும் முன்பே அணைத்துவிட வேண்டும். தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்கும் வசதியை முந்தின நாளே பழகிப் பார்க்கட்டும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். அதன் இரைச்சலில் மொத்தப் பூங்காவும் அண்ணாந்து பார்க்கும், விதிமுறைச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். வாசலில் இருக்கும் காவலாளியிடம் முன்பே போய், “அண்ணே, நாளைக்கு எங்கள் வீட்டுப் பெண்ணோடு வந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவோம், கூட ஒரு தோழியும் வருவார்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தையால், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது விசில் ஊதி எழுப்பிவிடும் சங்கடம் நேராது.

அந்நியர்கள் படம் எடுப்பதைத் தடுப்பதும் தோழியின் பொறுப்பு. எனக்குத் தெரிந்த ஒரு பையன் மாலை நேரத்தில் ஒரு பூங்காவில் கேட்கத் தொடங்கியபோது, பின்னாலிருந்த கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் கைப்பேசியை உயர்த்திக் கை தட்டினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, உற்சாகம்தான். அந்தப் பெண் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்துவிட்டார். பையன் மோதிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போனான். ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பஸ் நிறுத்தத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றான். இரண்டு பஸ் போன பிறகு அவரே, “அங்கே கேட்க வந்ததை இங்கே கேள்” என்றார். சம்மதமும் அங்கேயே சொன்னார். இன்று அவர்கள் வீட்டில் அந்த நாளின் படம் ஒன்றுகூட இல்லை. அதை இருவரும் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏழாம் படி: அழைத்து வருவது

பொய் சிறியதாக இருக்கட்டும். “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா” என்று பதறவைத்து அழைப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பதற்றம் அடங்கவே அரைமணி நேரம் ஆகும். ராஜாஜி பூங்கா என்றால் முதலில் காந்தி அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம் என்று கூப்பிடுங்கள். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கிவரும் அந்த இடத்தில் மரநிழலில் பேசிக்கொண்டே நடந்தால் மனம் தானாக அமைதிப்படும். விடுமுறை நாள் எது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈகோ பார்க் என்றால் அந்தப் பக்கம் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லலாம்.

அவர் நல்ல உடையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான். அலுவலகம் முடிந்து வேர்த்துக் களைத்து வரும் நாளில் கேட்டால், படத்தைப் பார்க்கும்போதெல்லாம் “முன்பே சொல்லியிருக்கக் கூடாதா” என்பார். இங்கேயும் தோழிதான் கைகொடுக்க வேண்டும்: இன்று இரண்டு பேரும் புடவை கட்டுவோம் என்றோ, ஒரு தோழியின் வளைகாப்புக்குப் போய்த் திரும்புகிற நாளாகப் பார்த்தோ ஏற்பாடு செய்யலாம். வயிறும் காய்ந்திருக்கக் கூடாது. வருகிற வழியில் ஒரு காபியும் வடையும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எட்டாம் படி: என்ன சொல்வது

இணையத்தில் பார்த்த வசனத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு நிகழ்ச்சி, அதனால் உங்களுக்குள் ஏற்பட்ட ஒரு முடிவு, பிறகு தெளிவான ஒரு கேள்வி. இவ்வளவே போதும். எடுத்துக்காட்டாக: “போன வருஷம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, யாரிடமும் சொல்லாமல் தினமும் காலையில் இட்லி கொண்டுவந்து நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனாய். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா? இப்போதே பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சொல்லிப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வழக்கமாக ‘நீங்கள்’ என்று பேசிக்கொள்பவர்கள் அன்று மட்டும் ‘நீ’ என்று மாற வேண்டாம். வழக்கமான பேச்சே இருக்கட்டும்.

மண்டியிடுவதா? அவருக்கு அது பிடிக்கும் என்று தெரிந்தால் செய்யுங்கள். பூங்காவில் மண்டியிட்டவுடன் சுற்றியிருப்பவர்கள் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிடும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்த்துக் கேட்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். மூன்றடி தள்ளி நடப்பவருக்குக்கூட என்ன நடக்கிறது என்று தெரியாது.

ஒன்பதாம் படி: அந்த நேரத்தில்

பூவை முதலில் கொடுங்கள். அவர் அதை முகர்ந்து பார்க்கட்டும். பக்கத்தில் சுண்டல் விற்பவரோ, பந்து விரட்டி வரும் பிள்ளையோ இருந்தால் அவர்கள் கடந்து போகும்வரை காத்திருங்கள். கைப்பேசியை முன்பே அணைத்துவிடுங்கள். அவருடையது அடித்தால் எடுக்க விடுங்கள், பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வரும். பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வரத் தாமதமானால் அந்த இடைவெளியை இன்னொரு வாக்கியத்தால் நிரப்பாதீர்கள். பலர் அழுவார்கள், சிலர் சிரிப்பார்கள், “அம்மாவிடம் என்ன சொல்வது?” என்று உடனே கணக்குப் போடுபவர்களும் உண்டு. எல்லாமே இயல்பு. சம்மதம் என்று வாயால் சொன்ன பிறகே மோதிரத்தை வெளியே எடுங்கள். மோதிரம் முன்பே வெளியே வந்துவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சுமையும் அவர் தலையில் ஏறும்.

மழை வந்தால்? குடை ஒன்று வண்டியில் இருக்கட்டும், பக்கத்தில் கூரையுள்ள ஓர் உணவகத்தைப் பார்த்து வையுங்கள். இரைச்சலான உணவகத்தில் கேட்பதைவிட, மழையை வேடிக்கை பார்த்துவிட்டு வேறு நாள் கேட்பதே மேல். மோதிரம் ஒரு வாரம் காத்திருக்கும்.

“யோசிக்க வேண்டும்” என்று அவர் சொன்னால், “சரி, யோசி” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். காரணம் கேட்டுக் குடையாதீர்கள். எத்தனை நாள் என்று கெடு வைக்காதீர்கள். “வேண்டாம்” என்றால் அதுவும் ஒரு முழுப் பதில். அன்று அவரைப் பத்திரமாக வீடு கொண்டுசேர்க்கும் பொறுப்பு உங்களுடையது. உங்களோடு வர அவருக்குத் தயக்கமாக இருந்தால் தோழி கூட்டிப்போகட்டும். பிறகு தொடர்ந்து அழைப்பதோ, நண்பர்களைத் தூது அனுப்புவதோ, படத்தை வைத்துக்கொள்வதோ கூடாது. எடுத்த படங்களைத் தோழி அவர் முன்னாலேயே அழித்துவிட வேண்டும்.

பத்தாம் படி: சம்மதம் கிடைத்த பிறகு

தோழியை அழைத்து மூவரும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குத்தூண் பக்கம் போய் ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா குடியுங்கள். ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எதையும் போடாதீர்கள். பெற்றோர் காதுக்குச் செய்தி வேறு வழியாகப் போனால், நல்ல சம்பந்தத்துக்கே முகம் சுளிப்பார்கள். அவர் வீட்டில் யாரிடம் முதலில் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். பெரும்பாலான வீடுகளில் அம்மா, இல்லையென்றால் சித்தி. நிச்சயதார்த்தம்வரை மோதிரத்தை விரலில் போட்டுக்கொள்வதா, பீரோவில் வைப்பதா என்பதும் அவர் விருப்பம்.

உங்கள் வீட்டில் பேசி முடித்துப் பெண் கேட்டுப் போகும் நாளைக் குறித்த பிறகு, இரு பக்கத்துத் தாய்மாமன்களுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் சொன்னால் அவர்களுக்கு மனத்தாங்கல் வரும்; பரிசம் போடுகிற அன்று முன்வரிசையில் உட்கார வேண்டியவர்கள் அவர்கள். போகும்போது வெற்றிலை பாக்கு, பழம், ஒரு பந்து மல்லிகையோடு போங்கள். பூங்காவில் நடந்ததை அங்கே சொல்ல வேண்டுமா என்று அவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.